434 என்ற எண்ணை எங்கே வைத்தீர்கள்?

இங்கிலாந்துக் கால்பந்தை ஒளிபரப்பும் தொலைக்காட்சிப் பொறுப்பாளர்களுக்கும் வர்ணனையாளர்களுக்கும்,

வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு, ஆட்டத்தின் இடைவேளையில், உங்களில் ஒருவர் ஒரு பட்டியலைத் திரையில் போட்டார். 'இங்கிலாந்து லீக் வரலாற்றில் அதிக கோல் அடித்தவர்கள்' என்று தலைப்பு. முதலில் ஆலன் ஷியரர், 260. அடுத்து ஹாரி கேன், 213. அடியில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. வர்ணனையாளரும் அப்படியே வாசித்துவிட்டுப் போனார்.

அது பிரீமியர் லீக் பட்டியல். பிரீமியர் லீக் தொடங்கியது 1992இல். அதற்கு முன் நாட்டின் உச்ச ஆட்டங்களை நடத்திய ஃபுட்பால் லீக் தொடங்கியது 1888இல். உங்களுக்குத் தெரியாத செய்தியா இது? தெரிந்தே நூறு வருடத்துக்கு மேல் தாண்டிக் குதிக்கிறீர்கள் என்பதுதான் வருத்தம். இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் அதிக கோல் அடித்தவர் ஆர்தர் ரௌலி. 619 ஆட்டம், 434 கோல். அந்த எண்ணைப் பட்டியலின் தலையில் போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அவர் ஆடிய கிளப்புகளின் கணக்கில் பிரித்தால், வெஸ்ட் பிராமில் 4, ஃபுல்ஹாமில் 27, லெஸ்டரில் 251, ஷ்ரூஸ்பரியில் 152. லெஸ்டரில் 1956-57 பருவத்தில் மட்டும் 44 கோல். டிவிஷன் என்பது லீக்கின் படிநிலை, முதல் டிவிஷன்தான் உச்சி; அவர் கோல்களில் பெரும்பகுதி இரண்டாம் டிவிஷனிலும் அதற்குக் கீழேயும் வந்தவை. அதனால்தான் அவை உங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

1958இல் ஷ்ரூஸ்பரிக்குப் போனபோது அவருக்கு 32 வயது. ஆட்டக்காரரும் அவரே, மேனேஜரும் அவரே. நான்காம் டிவிஷன் அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தது; அந்த முதல் பருவத்திலேயே 38 கோல் அடித்து அணியை மேலே ஏற்றினார். அவர்கள் ஆடிய கே மெடோ மைதானம் செவர்ன் ஆற்றங்கரையில் இருந்தது. பந்து ஆற்றில் விழுந்தால் எடுத்து வர ஒருவர் பரிசலோடு காத்திருப்பாராம். அப்படிப்பட்ட மைதானத்தைச் சொந்தமாகக் கொண்ட அணிக்காகத்தான், 1961 ஏப்ரல் 29 அன்று பிராட்ஃபோர்ட் சிட்டிக்கு எதிராக, எவர்ட்டன் வீரராக இருந்த டிக்ஸி டீனின் 379 லீக் கோல் சாதனையை ரௌலி முறியடித்தார். மூன்றாம் டிவிஷன் ஆட்டம். 35 வயது நிறைந்து எட்டே நாள்.

அவருக்குக் கிடைத்தது என்ன? 1961 ஜனவரி வரை எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்பது விதி. அவருடைய நல்ல வருடங்கள் எல்லாம் அந்த உச்சவரம்புக்குள்ளேயே கழிந்தன. விதி போன கையோடு ஃபுல்ஹாம், ரௌலி ஒரு காலத்தில் ஆடிய அதே ஃபுல்ஹாம், தன் வீரர் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. ரௌலியின் அண்ணன் ஜாக், மான்செஸ்டர் யுனைடெட் வீரர், இங்கிலாந்துக்காக ஆறு முறை ஆடினார். தம்பிக்கு இங்கிலாந்தின் முதல் அணிச் சட்டை ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. பணமும் இல்லை, தேசிய அணியும் இல்லை. மிஞ்சியது அந்த எண் ஒன்றுதான். அதையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

ஷியரரின் பெருமையை நான் குறைக்கவில்லை. அவர் 1992க்கு முன் சவுத்தாம்ப்டனுக்காக லீக்கில் அடித்த 23 கோல்களையும்கூட உங்கள் பட்டியல் விழுங்கிவிட்டதே! கேன் முதன்முதலில் லீக் கோல் அடித்தது லெய்டன் ஓரியன்ட்டுக்காக, மூன்றாம் படிநிலையில், 2011இல்; அதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. இன்னொரு ஸ்ட்ரைக்கர் ரிக்கி லாம்பர்ட்டை பிளாக்பூல் கிளப் வெளியே விட்டபோது அவர் பீட்ரூட் ஆலையில் வேலைக்குப் போனார். பிறகு மாக்கிள்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று கீழ் டிவிஷன்களிலேயே வருடக்கணக்காக கோல் அடித்தார். 2013இல் இங்கிலாந்துக்காக இறங்கி முதல் தொடுதலிலேயே கோல் போட்டதும் பீட்ரூட் கதையை எல்லோரும் சொன்னீர்கள். கீழே அடித்த கோல்களை யார் எண்ணிச் சொன்னது? கீழ் லீக் ஸ்ட்ரைக்கர் மேலே வந்தால்தான் மனிதரா? வராதவர் சேற்றிலும் குளிரிலும் அடித்தது கோல் கணக்கில் சேராதா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரௌலி 2002இல் காலமானார். அவர் ஆடிய மைதானங்களுக்கு கேமரா வந்ததே அரிது. போட்டுக் காட்ட உங்களிடம் படம் இல்லாமல் இருக்கலாம். எண்ணைப் போட படம் தேவையில்லை.

தயவுசெய்து இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். பட்டியலுக்கு 'பிரீமியர் லீக், 1992 முதல்' என்று தலைப்புக் கொடுங்கள். 'இங்கிலாந்து லீக் வரலாறு' என்றுதான் எழுதுவீர்கள் என்றால், முதல் வரியில் ஆர்தர் ரௌலி, 434 என்று போட்டு, வர்ணனையாளரை அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இருபது வருடமாக உங்கள் ஒளிபரப்பைப் பார்த்துவரும் ஒரு ரசிகன்