கஸ்ரிக் குளிசை கேட்டால் நாங்கள் ஏன் கேள்வி கேட்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாட்களாக எங்கள் கடையில் "கஸ்ரிக் குளிசை ஒரு கார்ட் தாங்கோ" என்று கேட்டவுடன் எடுத்துத் தருவதில்லை. "வேறு என்ன மருந்து பாவிக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்கிறோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை. "முந்திக் கேட்காததை இப்ப ஏன் கேட்கிறியள்?" என்று ஓர் அம்மா நேரடியாகவே கேட்டார். வேறு சிலர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கடையில் போய் வாங்கிக்கொள்கிறார்கள். திருநெல்வேலிச் சந்தையைச் சுற்றி மருந்துக்கடைக்கா பஞ்சம்? ஆகவே காரணத்தை எழுதியே தந்துவிடுகிறோம்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சில மருந்துகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எல்லாம் அல்ல, சில. உங்கள் கையில் இருப்பது அந்தச் சிலவற்றில் ஒன்றா என்று தெரியத்தான் கேட்கிறோம்.

எஸ்சிற்றலோபிராம், சிற்றலோபிராம் இரண்டும் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் பரவலாக எழுதப்படும் மருந்துகள். அவற்றை உடைத்து வெளியேற்றும் வேலை ஈரலுடையது. அதற்கு ஈரல் பாவிக்கும் நொதியங்களில் முக்கியமான ஒன்றுக்கு சிஒய்பி2சி19 என்று பெயர். பெயரை மறந்துவிடலாம், பரவாயில்லை. கஸ்ரிக் குளிசைகளான ஒமிப்பிரசோலும் அதன் உடன்பிறப்பான எசோமிப்பிரசோலும் இதே நொதியத்தின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் போகும் துவாரத்தை ஒரு வாழையிலைத் துண்டு அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? மோட்டர் இறைப்பது அதே அளவுதான், ஆனால் தொட்டியில் மட்டம் ஏறும். அப்படித்தான் இதுவும். நீங்கள் விழுங்குவது வழக்கமான அதே ஒரு குளிசை. இரத்தத்தில் நிற்பது அதைவிடக் கூட.

எவ்வளவு கூட? தினமும் 30 மி.கி. ஒமிப்பிரசோலோடு எஸ்சிற்றலோபிராம் எடுக்கும்போது அதன் இரத்த அளவு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுகிறது. சிமெற்றிடின் என்ற பழைய அமிலக் குளிசையோடு எடுத்தால் ஏறத்தாழ 70 சதவீதம். இது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டு, யாரும் விரித்துப் பார்க்காத அந்த மெல்லிய தாளிலேயே இருக்கிற கணக்கு. இன்னொன்று, சிலருக்கு இந்த நொதியம் பிறப்பிலேயே மெதுவாகத்தான் வேலை செய்யும். ஐரோப்பியரைவிடத் தென்னாசியரிடையே அப்படிப்பட்டவர்கள் அதிகம். பார்த்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, கூடினால் என்ன? இளவயதுக்காரர், இதயத்தில் கோளாறு இல்லை, எடுப்பதும் சிறிய அளவு என்றால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வியர்க்கலாம், தூக்கம் தூக்கமாக வரலாம், கை லேசாக நடுங்கலாம். வயதானவர்களிடமும் இதய நோயாளிகளிடமும்தான் கவனம் வேண்டும். எஸ்சிற்றலோபிராம், சிற்றலோபிராம் இரண்டும் அளவு கூடினால், ஈ.சி.ஜி.யில் கியூ-ரி என்று வைத்தியர்கள் அளக்கும் இடைவெளியை நீட்டக்கூடியவை. அது மிகவும் நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரலாம், அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் சிற்றலோபிராமை நாளொன்றுக்கு 40 மி.கி.க்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றது. அடுத்த வருடம், 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், சிமெற்றிடினோ அதுபோல இந்த நொதியத்தைத் தடுக்கும் மருந்தோ எடுப்பவர்களுக்கும் 20 மி.கி.தான் உச்சம் என்றது. பிரித்தானியாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எஸ்சிற்றலோபிராம் 10 மி.கி.யோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இனி எங்கள் ஊர் நிலைமைக்கு வருவோம். 68 வயது ஐயா ஒருவர் என்று வையுங்கள். பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் சிற்றலோபிராம் 20 மி.கி. கொடுக்கிறார்கள். நெஞ்செரிவுக்கு எங்கள் கடையில் ஒமிப்பிரசோல் வாங்குகிறார். லண்டனில் இருக்கும் மகன் "நல்ல மருந்தப்பா" என்று நெக்சியம் பெட்டி ஒன்றை வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறார். அங்கே அதை வைத்தியரின் துண்டு இல்லாமலே வாங்கலாம். நெக்சியம் என்றால் எசோமிப்பிரசோல். காலையில் ஒன்று, இரவில் மற்றது. ஐயா தான் எடுப்பது இரண்டு வேறு மருந்து என்று நினைக்கிறார். நடப்பது ஒரே வேலைக்கு இரண்டு ஆட்கள், அதோடு மனச்சோர்வு மருந்தின் மட்டமும் ஏறுகிறது. இதில் ஒருவர் மீதும் குற்றமில்லை. கிளினிக் வைத்தியருக்கு எங்கள் கடையில் வாங்கியது தெரியாது, எங்களுக்குக் கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது தெரியாது, மகனுக்கு இரண்டும் தெரியாது.

சத்திக் குளிசை (வாந்திக்கான மருந்து) இதற்கு மேல் வந்து சேர்கிறது. எங்களைக் கேட்டால் ஒமிப்பிரசோலைவிட இதற்குத்தான் கூடப் பயப்படவேண்டும். வயிறு ஊதல், ஏப்பம், குமட்டல் என்றதும் எல்லோரும் கேட்பது டொம்பெரிடோன். அதுவும் கியூ-ரி இடைவெளியை நீட்டும் மருந்துதான். சிற்றலோபிராம், எஸ்சிற்றலோபிராம் எடுப்பவர்கள் அதைத் தொடக்கூடாது. ஐரோப்பிய மருந்து முகமை 2014இலேயே இதற்குக் கடிவாளம் போட்டது: பெரியவர்களுக்கு ஒருமுறைக்கு 10 மி.கி., நாளுக்கு அதிகபட்சம் மூன்று முறை, வழக்கமாக ஒரு கிழமைக்கு மேல் வேண்டாம். இங்கே மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பலாலியில் ஏறிச் சென்னைக்குப் போய் வருகிறவர்கள் அங்கே எழுதிக்கொடுத்த கப்சூலைக் கொண்டுவந்து "இதே போல ஒன்று தாங்கோ" என்று நீட்டுகிறார்கள். அட்டையில் பெயருக்குப் பின்னால் 'டி' அல்லது 'டி-எஸ்ஆர்' என்று இருந்தால், பெரும்பாலும் அமில மருந்தோடு டொம்பெரிடோனும் உள்ளே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு கப்சூல் என்று எண்ணாதீர்கள், இரண்டு மருந்து.

மனச்சோர்வு மருந்து தொடங்கியவர்கள் ஏன் எங்களிடம் வயிற்று மருந்து தேடி வருகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். உடம்பில் இருக்கும் செரட்டோனின் என்ற இரசாயனத்தில் பெரும்பங்கு மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது. செரட்டோனினோடு வேலை செய்யும் இந்த மனச்சோர்வு மருந்து முதல் கிழமைகளில் வயிற்றைப் புரட்டத்தான் செய்யும். குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு கிழமையில் தணிந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் இன்னும் குறையும். ஆனால் மனத்துக்கு வரவேண்டிய சுகம் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை, சிலருக்கு அதைவிடக் கூடவும் ஆகும். ஆக, முதல் பதினைந்து நாள் தொல்லை மட்டும் முன்னே நிற்கும், பலன் பின்னே வரும். அந்தப் பதினைந்து நாளில்தான் பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள், அல்லது கஸ்ரிக் என்று நினைத்து ஒமிப்பிரசோல் தொடங்குகிறார்கள். குமட்டலுக்கு ஒமிப்பிரசோல் சரியான மருந்தே அல்ல. கிளினிக்கில் சொன்னால் அளவைக் குறைத்து மெதுவாகக் கூட்டுவார்கள்.

உண்மையிலேயே நெஞ்செரிவு, புளியேப்பம் இருக்கிறதா? அதற்கு வழி இல்லாமல் இல்லை. பன்ரோப்பிரசோல் இந்த நொதியத்தை ஒமிப்பிரசோல் அளவுக்குத் தடுப்பதில்லை. ஃபமோற்றிடின் இதில் தலையிடுவதே இல்லை. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டும், அதையும் எங்களிடம் சொல்லுங்கள். அமிலத்தை முறிக்கும் வெள்ளைப் பாணி மருந்துகள் (சிரப்) ஈரலோடு சண்டைக்குப் போவதில்லை. மற்ற மருந்துகளுக்கு இரண்டு மணித்தியாலம் இடைவெளி விட்டுக் குடித்தால் போதும். இன்னும் ரனிற்றிடின் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2019இல் அதில் புற்றுநோயை உண்டாக்கலாம் என்று கருதப்படும் என்டிஎம்ஏ என்ற மாசு கண்டுபிடிக்கப்பட்டு, 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். வீட்டு அலுமாரியில் பழைய கார்ட் கிடந்தால் எறிந்துவிடுங்கள்.

எல்லா மனச்சோர்வு மருந்தும் ஒரே மாதிரி இல்லை. சேர்ட்ராலின் பல வழிகளால் உடைவதால் ஒரு வழி அடைபட்டாலும் பொதுவாகப் பெரிய சிக்கல் வராது. அமிற்றிப்ரிலின் வேறு கதை. நரம்பு நோவுக்கும் ஒற்றைத் தலையிடிக்கும் 10, 25 மி.கி. என்று அதைக் கொடுப்பார்கள்; எடுப்பவருக்கே அது மனச்சோர்வு மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்திருக்காது. "மனத்துக்கு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், அது பொய்யும் இல்லை. அது வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், வயிறு காலியாவதைத் தாமதமாக்கும். அதனாலேயே நெஞ்செரிவு கூடலாம். அதனால்தான் மருந்தின் பெயரைக் கேட்கிறோம், என்ன வருத்தத்துக்கு என்று கேட்பதில்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு யாராவது இன்றிரவு மருந்தை நிறுத்தினால் நாங்கள் எழுதியது பிழையாகப் போய்விடும். மனச்சோர்வு மருந்தைத் திடீரென்று விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். பழைய சோர்வும் திரும்பலாம். ஒமிப்பிரசோலை மாதக்கணக்கில் எடுத்துவிட்டுச் சட்டென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரந்து, "பார், குளிசை இல்லாமல் எனக்கு முடியாது" என்று நினைக்க வைக்கும். வைத்தியரே எழுதி இரண்டையும் சேர்த்துத் தந்திருந்தால், அவர் அளவைப் பார்த்துத்தான் தந்திருப்பார். அடுத்த கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள், அதுவரை தொடருங்கள்.

அமில மருந்து கட்டாயம் தேவைப்படும் ஆட்களும் இருக்கிறார்கள். செரட்டோனின் வகை மனச்சோர்வு மருந்துகள் இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைக்கும். அதோடு மூட்டு நோவுக்கு டைக்குளோபெனக் அல்லது இதயத்துக்கு அஸ்பிரின் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு வயிற்றைக் காக்கவே வைத்தியர்கள் அமில மருந்து எழுதுகிறார்கள். அவர்கள் அதை வீண் என்று தூக்கிப் போடக்கூடாது. நோவுக் குளிசையை நீங்களாக வாங்கிப் போடுவதைத்தான் நிறுத்தவேண்டும். தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனால் கடைக்கு வரவேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

வயதான பெற்றோரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மனச்சோர்வு மருந்து சிலரில் இரத்தத்தின் சோடியத்தைக் குறைக்கும். தண்ணிக் குளிசையும் (சிறுநீரைக் கூட்டும் மருந்து) சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். அமிலக் குளிசையை ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மக்னீசியம் குறையலாம், மக்னீசியம் குறைந்தால் இதயத் துடிப்பும் குழம்பும். அம்மா நாலைந்து நாளாகத் தடுமாறுகிறார், மாறிக் கதைக்கிறார் என்றால் "வயசு போச்சு" என்று விட்டுவிடாமல் ஒரு இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மயக்கம் வந்து விழுந்தாலோ நெஞ்சு படபடத்து நிற்காவிட்டாலோ உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. நெஞ்சு இறுக்கி வியர்த்து, கைக்கோ தாடைக்கோ நோ பரவினால் அதைக் கஸ்ரிக் என்று எண்ணிச் சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். மனம் தாங்காமல் இருக்கும் நேரத்தில் கதைக்க 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது.

கடைசியாக, எங்கள் மேசையடி. அதில் நாலு பேர் நின்றால் மூன்று பேராவது ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். கோயிலில் காண்பவர்கள், கலியாண வீட்டில் காண்பவர்கள். அங்கே நின்று மனநல மருந்தின் பெயரைச் சொல்லச் சங்கடப்படுவது எங்களுக்கு விளங்குகிறது. அதற்காகவே தெரியாத கடை தேடிச் சாவகச்சேரி வரை போகிறவர்களும் உண்டு. பிரஷர் மருந்து ஓரிடத்தில், மனத்துக்கான மருந்து இன்னோரிடத்தில், கஸ்ரிக் குளிசை எங்களிடம் என்று பிரிந்து கிடந்தால் மோதலைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஆகவே இனி வாய்விட்டு ஒன்றும் சொல்லவேண்டாம். மேசையில் வெள்ளைத் துண்டுகள் வைத்திருக்கிறோம். எடுக்கும் மருந்தின் பெயர்களை எழுதி மடித்துத் தாருங்கள், பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். எழுத வராதவர்கள் வெறும் கார்ட்டுகளை ஒரு கடதாசிப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் போதும். மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ எங்கள் வேலை இல்லை. மோதல் இருந்தால் வைத்தியருக்குக் காட்ட ஒரு சிறு குறிப்பு எழுதித் தருவோம். இதற்குக் காசு இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த மருந்துகளையும் அதே பையில் போடுங்கள். பின்னேரம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் கடையில் சனம் குறைவு, அந்த நேரம் வந்தால் ஆறுதலாக இருந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடையினர்
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்