இந்தக் குளிர்காலத்துக் காடை

கிரீன் வேலி, அரிசோனா

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். மினசோட்டாவில் பனி விழத் தொடங்கியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டோம். மார்ச் கடைசி வரை இனி இந்தப் பாலைவனம்தான்.

“அங்கே காடை, கவுதாரி உண்டா? இந்த வருஷம் எப்படி?” என்று கேட்டிருந்தீர்கள். 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் கோவில்பட்டிக் கரிசலில் துப்பாக்கியோடு அலைந்தவர் நீங்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாலைவனம் என்றதும் மணல்மேட்டை நினைக்க வேண்டாம். இது சொனோரன் பாலைவனம்; முள்ளும் கள்ளியும் வறண்ட ஓடையுமாகக் கிடக்கும். நம் ஊர்ச் சீமைக்கருவேலுக்கு நெருங்கிய சொந்தமான மெஸ்கீட் இங்கே சொந்த மண்ணின் மரம். அங்கே நம் கண்மாய்களை அடைத்துக்கொண்ட அதே சாதி, இங்கே காடை ஒதுங்க நிழல் தருகிறது. பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

இங்கே அதிகம் இருப்பது கேம்பல் காடை. தலையில் முன்பக்கம் வளைந்த ஒரு கொண்டை. கூட்டமாக இருக்கும், லேசில் பறக்காது, ஓடும். நீங்கள் சொல்வீர்களே, கவுதாரி காலால் தப்பிக்கும் என்று, அதே கதைதான். துரத்திப் போய்க் கூட்டத்தைக் கலைத்துவிட்டால் ஒவ்வொன்றாகப் புதருக்குள் பதுங்கும், அப்புறம்தான் வேட்டையே. இருபது கேஜ் இரட்டைக்குழல் துப்பாக்கியும் ஏழரை நம்பர் ரவைக் குண்டும் போதும்.

இந்தக் காடையின் கணக்கு முழுக்க மழையில் இருக்கிறது. குளிர்காலத்தில் தூறல் நன்றாக விழுந்தால் தரையில் பச்சை முளைக்கும், வசந்தத்தில் குஞ்சு பொரிக்கும். அந்த மழை பொய்த்தால் பல ஜோடிகள் கூடு கட்டவே கட்டாது. போன குளிர்காலம் இங்கே காய்ந்து போனது. இளம் பறவை குறைவாக இருக்கிறது, ஓடைக்கரையில் காலையில் கேட்கும் சத்தமும் குறைவு. நாளைக்குப் பதினைந்து காடை சுடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இப்போது மிச்சமிருக்கும் கிழட்டுப் பறவைகளைச் சுடுவது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவது மாதிரி. இரண்டு மூன்று போதும் என்று நானும் பக்கத்து வீட்டு நண்பரும் பேசி வைத்திருக்கிறோம்.

நம்பிக்கை மலையடிவாரத்தில் இருக்கிறது. பட்டகோனியா, சொனோய்ட்டா என்ற ஊர்கள் பக்கம் கருவாலி மரமும் உயரமான புல்லும் கலந்த மேட்டில் மெர்ன்ஸ் காடை வாழ்கிறது. ஆணின் முகத்தில் கருப்பும் வெள்ளையுமாகக் கோலம் போட்டிருக்கும். இவ்வளவு அழகான காடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இது பார்ப்பது கோடை மழையை. ஜூலை, ஆகஸ்டில் இடியோடு பெய்யும் அந்த மழைக்குப் பிறகுதான் குஞ்சு பொரிக்கும். அதனால் மற்ற காடைக்கு அக்டோபரிலேயே பருவம் திறந்தாலும் இதற்கு டிசம்பரில்தான் திறப்பார்கள். இந்த வருஷம் அந்த மழை நன்றாகவே பெய்திருக்கிறது. புளியாரைச் சாதிக் கிழங்கையும் கோரைக்கிழங்கையும் தோண்டித் தின்னும் பறவை இது. தரையில் சின்னச் சின்னக் குழி புதிதாகத் தெரிந்தால் கூட்டம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஓடாது, காலடியில் வரும்வரை அசையாமல் உட்காரும். மோப்பம் பிடித்து நிற்கிற நாய் இல்லாமல் போவது வீண். நண்பரிடம் நல்ல நாய் இருக்கிறது. சோயா என்று ஒரு கள்ளி, தொட்டால் துண்டாக ஒட்டிக்கொள்ளும். அதை நாயின் காலிலிருந்து எடுக்கவே எல்லோரும் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பார்கள்.

புறா எங்களுக்கு அவ்வளவு இல்லை. பெரிய பருவம் செப்டம்பர் 1-ஆம் தேதி யூமா நகரத்துப் பக்கம் களைகட்டும். நாங்கள் வருவதற்குள் வெள்ளைச் சிறகுப் புறா தெற்கே போய்விடும். நவம்பர் கடைசியில் இன்னொரு சின்னப் பருவம் தொடங்கும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். இங்கே தொடர்ந்து ஆறு மாதம் குடியிருந்தால்தான் உள்ளூர்க்காரர். எங்களைப் போலக் குளிருக்கு வந்து போகிறவர்கள் வேட்டை உரிமத்துக்கு வெளியூர்க் கட்டணம் கட்ட வேண்டும். அதிகம்தான், ஆனாலும் மனமுவந்து கட்டுகிறேன். 1937-இல் வந்த ஒரு சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்குப் போகிறது. சுடுகிறவனே காட்டுக்கும் கொடுக்கிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏனென்றால் காடு கைவிட்டால் என்ன ஆகும் என்பதும் இங்கேயே தெரிகிறது. முகத்தில் கருப்பு உள்ள பாப்வைட் காடை இந்தப் புல்வெளியில் நிறைய இருந்ததாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மாடுகளை அளவுக்கு மீறி மேயவிட்டதும் வறட்சியும் சேர்ந்து புல் அழிந்தது. 1900 வாக்கில் அரிசோனாவில் அந்தக் காடையே இல்லை. அதை மீட்கவே 1985-இல் புவனோஸ் ஐரிஸ் என்ற சரணாலயத்தை இங்கிருந்து தென்மேற்கே தொடங்கினார்கள். இன்னும் அது தானாகப் பெருகி நிலைக்கவில்லை. தப்பித் தவறி ஒன்று கண்ணில் பட்டால் துப்பாக்கியை இறக்கிவிட்டுக் கும்பிடுவேன், மாமா.

டிசம்பரில் மேட்டுக்குப் போய் வந்ததும் எழுதுகிறேன். காடை இறைச்சி இங்கே வெள்ளையாக இருக்கிறது, சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. அத்தை கவுதாரிக்கு அரைக்கும் மிளகு மசாலாவில் சீரகம் எவ்வளவு, சோம்பு உண்டா என்று கேட்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்