பாலம் முதலில், தார் கடைசியில்: மலைக்கிராமச் சாலைப் பணியின் வரிசையை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்
மலைக்கிராம வன உரிமைக் குழுவினரும் ஊர்ப் பொதுமக்களும்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: மழையில் சரிந்த மலைச்சாலையை மீண்டும் அமைக்குமுன் ஓடைப் பாலம், வடிகால், தடுப்புச் சுவர் ஆகியவற்றை முடித்துத் தருதல் – வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)இன்கீழ் வனநில அனுமதி வழங்குதல் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கிழக்குத் தொடர்ச்சி மலைச் சரிவில், அடிவாரத்துத் தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட சாலை முதல் ஐப்பசி மழையிலேயே மூன்று இடங்களில் சரிந்துவிட்ட நிலையில், அதை மீண்டும் அமைக்கப் புதிய மதிப்பீடு தயாராகி வருவதாக அறிந்தோம். எங்களை மறக்காததற்கு நன்றி. ஆனால் பழைய மதிப்பீட்டையே தூசி தட்டி, அதே தடத்தில் அதே முறையில் மறுபடி தார் போடுவதாக இருந்தால், அந்தப் பணியைத் தயவுசெய்து நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சாலை கேட்டு மனுக் கொடுக்கும் ஊர், தார் போட வேண்டாம் என்று சொல்வது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதற்கான காரணத்தைச் சொல்லவே இம்மனு.

ஊரார் சார்பில் இதை எழுதும் நான், எல்லைச் சாலைகள் அமைப்பில் மேற்பார்வையாளராக அருணாசலப் பிரதேசத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 1960ஆம் ஆண்டு மே 7 அன்று தொடங்கப்பட்ட அந்த அமைப்பில் நாங்கள் கற்ற முதல் பாடம், மலையில் சாலை என்பது தண்ணீருக்கு வழி விட்டுவிட்டு மிஞ்சும் இடத்தில் போடுவது என்பதுதான். அங்கே அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தால், தாரைப் பார்க்குமுன், சாலைக்கு அடியில் தண்ணீர் கடந்துபோகும் சிறுபாலத்துக்குள் குனிந்து பார்ப்பார்கள். எங்கள் ஊர்ச் சாலையில் குனிந்து பார்க்கச் சிறுபாலமே இல்லை.

நடந்தது இதுதான். ஒப்பந்ததாரர் மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, நாங்கள் காலங்காலமாக நடந்த ஒற்றையடிப் பாதையையே அகலப்படுத்தினார். அந்தப் பாதை இரண்டு கிலோமீட்டருக்குள் 250 மீட்டர் ஏறுவது. அதாவது 8 மீட்டருக்கு 1 மீட்டர். ஆளும் ஆடும் ஏறலாம், ஆம்புலன்ஸ் ஏறாது. மலைப்பக்கம் செங்குத்தாக வெட்டிய மண்ணை அப்புறப்படுத்தாமல் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டு, அதன் மேலேயே சாலையின் பாதி அகலத்தைப் போட்டார்கள். பக்க வாய்க்கால் எடுக்கவில்லை, தடுப்புச் சுவரும் கட்டவில்லை. வெட்டிய கையோடு ஜல்லி, அதற்கு அடுத்த வாரம் தார். பூசணிக்காய் உடைத்து எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் இருக்கிறது, சாலைதான் இல்லை.

மழை தொடங்கிய நான்காம் நாள் காலை, இரண்டாவது வளைவுக்கு மேலே மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பைப் பார்த்தேன். மாலையில் அதற்குள் கை நுழைந்தது. மறுநாள் விடியுமுன் அந்தச் சரிவு மொத்தமும் மரங்களோடு கீழே வந்திருந்தது. எங்கள் மலையில் பாறைக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான மண்தான் படர்ந்திருக்கிறது. மேலிருந்து இறங்கும் மழைநீர் அந்த மண்ணுக்குள் ஊறி, பாறையைத் தொட்டதும் அதன் முதுகு வழியே ஓடுகிறது. சரிவின் அடியை வெட்டி எடுத்துவிட்டால், ஊறிக் கனத்த மண்ணைத் தாங்க எதுவும் இல்லாமல் அது பாறையின் மேல் வழுக்கி இறங்கிவிடுகிறது. பள்ளத்தில் தள்ளிய மண்ணோ ஓடையில் இறங்கி, ஊருக்குக் குடிநீர் தந்த ஊற்றை மூடிவிட்டது. சாலை போனது ஒரு நட்டம் என்றால், ஊற்று போனது அதைவிடப் பெரிய நட்டம்.

ஓடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அடிவாரத்திலிருந்து முதல் கிலோமீட்டருக்குள்ளேயே வரும் இந்த ஓடை, கரைக்குக் கரை 80 அடி. சித்திரையில் முழங்கால் நனையாமல் தாண்டலாம். மழைக்காலத்தில் மேலே பெய்தது எங்களுக்குத் தெரியுமுன்பே பாறைகள் உருளும் ஓசையோடு வெள்ளம் வந்துவிடும். இந்த இடத்தில் பாலம் என்ற பெயரில் இரண்டு வரிசை சிமெண்ட் குழாய்களைப் பதித்து மேலே கான்கிரீட் போட்டிருந்தார்கள். சமவெளி வாய்க்காலுக்கு அது போதும். காட்டோடை தண்ணீரை மட்டுமா கொண்டுவருகிறது? வேரோடு சாய்ந்த மரமும் உருண்டை உருண்டையான கற்களும் குழாய் வாயை அடைத்துக்கொள்ள, வெள்ளம் மேலேறிப் பாய்ந்து இரு கரைகளையும் அரித்துவிட்டது. குழாய்கள் இன்றும் ஓடையின் நடுவில் அப்படியே கிடக்கின்றன, இரு பக்கமும் சாலையின்றி.

கடந்த கார்த்திகையில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை மூங்கிலில் போர்வை கட்டித் தூக்கிவந்தோம். சரிவில் இறங்கும்போது முன்னால் இருப்பவர் மூங்கிலைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும், பின்னால் இருப்பவர் இடுப்புக்குத் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் சரிந்துவிடுவார். எட்டு ஆண்கள் மாற்றி மாற்றித் தூக்கி ஓடைக் கரைக்கு வந்தபோது வெள்ளம் வடியவில்லை. எதிர்க்கரையில் 108 ஆம்புலன்ஸின் விளக்கு சுழன்றுகொண்டிருப்பதைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்படி அமையும் என்று நாங்கள் நம்பியிருக்க முடியாது.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் பாலம். நடுவில் தூண் இல்லாமல் கரையிலிருந்து கரைக்கு ஒரே தாவலாகச் செல்லும் பாலமாக அது இருக்க வேண்டும். கான்கிரீட் பாலத்துக்கு நிதியும் காலமும் கூடுதலாகுமெனில், பெய்லி வகை இரும்புப் பாலம் அமைக்கக் கோருகிறோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான இந்தப் பாலத்தின் பத்தடி நீளப் பலகம் ஒன்று ஏறக்குறைய 260 கிலோ எடைதான். ஆறு பேர் தூக்கிவிடலாம். பலகங்களை ஊசி கோப்பதுபோல் இணைத்து, ஒரு கரையிலிருந்தே உருளைகளின் மேல் தள்ளி மறுகரை சேர்க்கலாம் என்பதால் ஓடைக்குள் சாரமோ கிரேனோ தேவையில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபோது, சூரல்மலையில் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ராணுவத்தின் மதராஸ் பொறியாளர் பிரிவினர் இரண்டு நாளுக்குள் கட்டி முடித்ததை நாடே பார்த்தது. எங்களுக்குத் தேவை அதில் பாதி நீளம்கூட இல்லை. கொல்கத்தாவில் உள்ள பொதுத்துறைக் கப்பல் கட்டும் நிறுவனமான கார்டன் ரீச் இத்தகைய பாலங்களைத் தயாரிக்கிறது. பலகம் எத்தனை அடுக்கு, எவ்வளவு பாரம் என்பதைப் பொறியாளர்கள் கணக்கிடட்டும். ஆம்புலன்ஸும் ஜல்லி லாரியும் போக வேண்டும் என்பது மட்டுமே எங்கள் நிபந்தனை. பாலம் முதலில் வந்தால்தான் மேலே நடக்கும் வேலைக்குக் கல்லும் சிமெண்டும் போகும் என்பதையும் கருத வேண்டுகிறோம்.

அடுத்தது தடம். சாலைப் பணிக்கான தரவிதிகளை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு மலைப்பாங்கான நிலத்துக்குப் பரிந்துரைக்கும் வழக்கமான ஏற்றம் 20 மீட்டருக்கு 1 மீட்டர். அந்தக் கணக்கில் 250 மீட்டர் ஏற 5 கிலோமீட்டர் சாலை வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் முடித்துச் செலவை மிச்சப்படுத்தியதாக நினைத்ததே தவறின் தொடக்கம். கொண்டை ஊசி வளைவில் உள்பக்க ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது, அங்கே ஏற்றம் 40க்கு 1 என்பதைத் தாண்டக் கூடாது, ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையே 60 மீட்டராவது இருக்க வேண்டும் என்பவையும் அதே விதிகளில் உள்ளவை. நாங்கள் நான்கு பேர், மட்டம் பார்க்கும் நீர்க்குழாயும் கயிறும் கொண்டு சரிவின் போக்கிலேயே வளைந்து செல்லும் ஒரு தடத்தை நடந்து கல் நட்டு வைத்திருக்கிறோம். அது நில அளவைக்கு மாற்று அல்ல. ஆனால் எங்கே ஊற்று, எங்கே பிளந்த பாறை, எங்கே முன்பு சரிந்தது என்பது அந்தக் கற்களுக்குத் தெரியும். அகலமான சாலையும் எங்களுக்கு வேண்டாம். ஒற்றை வழியாக 3.75 மீட்டர் ஓடுதளம் போதும். ஆங்காங்கே எதிர்வண்டி ஒதுங்க இடம் விட்டால் சரி. அகலம் ஒரு மீட்டர் கூடினால், சரிவில் மேல்நோக்கி வெட்ட வேண்டிய உயரமும் கூடுகிறது.

வடிகாலை ஒப்பந்தத்தில் தனிப் பணியாக, தார்ப் பணிக்கு முன்னதாகவே அளந்து தொகை வழங்கும் பணியாகச் சேர்க்கக் கோருகிறோம். வெட்டுச்சரிவுக்கு மேலே மழைநீரை மறித்துத் திருப்பும் வாய்க்கால், சாலையின் மலைப்பக்கம் கல் பாவிய வாய்க்கால், மலை மடியும் ஒவ்வோர் இடத்திலும் ஆள் இறங்கித் தூர்வாரும் அளவுக்குச் சிறுபாலம் ஆகியன வேண்டும். தடுப்புச் சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட்டு, சுவருக்குப் பின்னால் மண்ணுக்குப் பதில் கல் நிரப்ப வேண்டும்; துளையில்லாத சுவர், அணையாகித் தன் பாரத்தைத் தானே தேடிக்கொள்கிறது. மண் இளகிய இரண்டு இடங்களில் கான்கிரீட்டைவிடக் கம்பிவலைக் கூடையில் கல் அடுக்கிய சுவரே நிற்கும், ஏனெனில் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெட்டிய மண்ணைக் கொட்ட ஊர்ப் பொது நிலத்தில் ஒரு தட்டையான இடத்தைத் தர நாங்கள் தயார். சரிவுகளில் வெட்டிவேர் நடும் வேலையை எங்கள் மகளிர் குழுவினர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இவை முடிந்து மண்சாலை ஒரு முழு மழைக்காலத்தை அப்படியே கடக்கட்டும். எங்கே நீர் தேங்குகிறது, எங்கே மண் இறங்குகிறது என்பதை அந்த மழை காட்டிக்கொடுக்கும். அவற்றைச் சரிசெய்து, அடுத்த தை மாதத்துக்குப் பிறகு தார் போட்டால் போதும். நிதியாண்டு முடிவதற்குள் செலவைக் கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடி அலுவலகங்களுக்கு உண்டு என்பதை நான் அறிவேன். மலைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

வனநிலம் குறித்து: நாங்கள் கேட்கும் தடத்தில் 1.5 கிலோமீட்டர் மட்டுமே வனநிலத்தில் வருகிறது; மற்றவை வருவாய்த் துறை நிலமும் எங்கள் பட்டா நிலமும். ஓடுதளம், வாய்க்கால், ஓரங்கள் எல்லாம் சேர்த்து 6 மீட்டர் அகலம் என்று கொண்டால் அது 0.9 ஹெக்டேர். கொண்டை ஊசி வளைவு எதுவும் வனநிலத்துக்குள் வராதவாறு தடம் பார்த்திருக்கிறோம். வெட்ட வேண்டிய மரங்கள் 41. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), சாலை உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவும் வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75க்கு மிகாமலும் இருந்து, கிராம சபையும் பரிந்துரைத்தால், 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நடைமுறைக்குப் போகாமலேயே வனநிலத்தை வழங்க இடம் தருகிறது. அப்படியிருந்தும் டெல்லி அனுமதி வேண்டும் என்று கூறி எங்கள் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் திருப்பித் தரப்பட்டது. வனத்துறை உடன்படாதபோது முடிவெடுக்கும் மாவட்ட நிலைக் குழுவின் தலைவர் தாங்களே என்பதால், கிராம சபைத் தீர்மானத்தை இத்துடன் இணைத்து நேரடியாகத் தங்களிடம் வருகிறோம்.

நிதியைப் பொறுத்தவரை, பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சிறப்புப் பகுதிகளுக்கான 250 மக்கள்தொகை வரம்பையும் எங்கள் ஊர் எட்டவில்லை. 100 பேர் உள்ள குடியிருப்புக்கும் சாலை தரும் ஜன்மன் திட்டம், தமிழகத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடியினருக்கு உரியது. நாங்கள் பழங்குடியினரே ஆயினும் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு திட்டங்களுக்கும் இடையில் விழுந்துவிட்ட ஊர் எங்களுடையது. எனவே மாநில நிதியிலிருந்து, பாலத்துக்கு மட்டுமாவது இவ்வாண்டே ஒதுக்கீடு செய்யக் கோருகிறோம்.

ஐப்பசி மழைக்கு முன்பாக, பொறியாளர், வனச்சரக அலுவலர், நில அளவையர் ஆகியோர் ஒரே நாளில் சேர்ந்து தடத்தை நடந்து பார்க்க ஒரு தேதியைக் குறித்து உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறோம். கல் நட்டவர்களில் இருவர் அன்று காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் காத்திருப்பார்கள். ஓடையில் தண்ணீர் இருந்தால் கடக்கக் கயிறும் கொண்டுவருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வன உரிமைக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)