சமூகவியல் பாடம் யாருக்கு?

ஆசிரியருக்கு,

ஃபுளோரிடா மாகாண அரசுப் பல்கலைக்கழகங்களின் அடிப்படைப் பாடப் பட்டியலிலிருந்து (எந்தத் துறை மாணவரும் சில பாடங்களைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டிய பட்டியல்) 2024 ஜனவரியில் சமூகவியல் நீக்கப்பட்டது பற்றிய கட்டுரையைப் படித்தேன். பாடத்துக்குத் தடை இல்லையே, விரும்புவோர் படிக்கலாமே என்கிறார்கள் நீக்கத்தை ஆதரிப்போர். விரும்பிச் சேர்பவருக்கு இனப் பாகுபாடு பற்றி ஏற்கெனவே ஓரளவு தெரிந்திருக்கும். அது தெரியாத மாணவரை வகுப்புக்குள் கொண்டுவருவதே அந்தப் பட்டியல்தான். இளநிலைப் பொறியியல் படிக்க அமெரிக்கா சென்ற நானும், வேறொரு மாகாணத்தில், பட்டம் பெறத் தேவையான கிரெடிட் (பாட மதிப்பலகு) கணக்கை நிரப்பவே இந்தப் பாடத்தை எடுத்தேன். 1930களில் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் தயாரித்த எங்கள் நகர வரைபடத்தைப் பேராசிரியர் திரையில் காட்டினார். கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு. அங்கே கடன் கொடுப்பது ஆபத்தாம். வசதியான வெள்ளையர் பகுதிக்குப் பச்சை. கடன் கிடைத்தவர் வீடு வாங்கினார். பேரப்பிள்ளைகள் அந்தச் சொத்தின் பலத்தில் கல்லூரிக்குப் போனார்கள்.

அமெரிக்காவில் உழைத்து உயர்ந்ததாக மார்தட்டும் நம்மவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று 1923இல் தீர்ப்பளித்தது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். நமக்குக் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமோ, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது வந்தது. அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் அந்த வரைபடங்களையும் இந்தத் தீர்ப்பையுமாவது கட்டாயப் பகுதியாகச் சேர்க்கலாம்.

வாசகர், கோயம்புத்தூர்