எந்தத் தெரு?

அம்பாசமுத்திரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நல்ல மழை. பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது. ஆச்சிக்கு முழங்கால் வலிதான் குறையவில்லை, மற்றபடி சுகம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பல ஊர், பல மொழிக்காரர்களோடு எப்படிப் பேசிப் பழகுவது என்று ஆபீஸில் இரண்டு நாள் பயிற்சி வைத்திருக்கிறார்கள், "எங்க டீம்ல 12 பேரும் சண்டை சச்சரவு இல்லாமத்தானே இருக்கோம், இது எதுக்குப்பா?" என்றாய். போனில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று.

1998-ல் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தார். கெட்டிக்காரர். முதல் நாள் பதினொரு மணி டீக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். "எந்த ஊரு தம்பி?" என்றேன். சொன்னார். "அங்க எந்தத் தெரு?" என்றேன். நம் பக்கத்தில் அந்தக் கேள்வி சாதியைத்தான் கேட்கிறது என்று உனக்குத் தெரியும். அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே தெருவைச் சொன்னார். மறுநாள் கூப்பிட்டபோது, "வேலை கிடக்கு அண்ணாச்சி" என்றார். மாற்றல் ஆகிப் போகும்வரை அந்த வேலை தீரவே இல்லை. கூச்ச சுபாவம் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்களுக்குள்ளும் சண்டை கிடையாது அம்மா. அவர் பேசுவதை நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து ஒரு பணி ஓய்வு விழாவில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் அந்த டீயைப் பற்றி அவரே சொன்னார். நான் உடனே, "தப்பா நினைச்சுக் கேக்கலையே தம்பி" என்றேன். "சரி அண்ணாச்சி" என்று இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். முதல் தப்பைவிட இதுதான் பெரிய தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் தன் வலியைச் சொல்ல வாய் திறந்தார், நான் என் நல்ல மனசுக்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு வாரம் தூங்கவில்லை. அப்புறம் அவர் வீட்டுக்கே போனேன். "அன்னைக்கு நான் கேட்டது தப்பு. வேற என்னவெல்லாம் நடந்துச்சு, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரம் பேசினார். தெரு தெரியும்வரை "வாங்க" என்றவர்களில் இரண்டு பேர் மறுநாளே "வா" என்றார்களாம். நான் அதே அறையில் நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் காதில் விழவில்லை. அந்தக் கேள்வியால் எனக்கு ஒருநாளும் நஷ்டம் வந்ததில்லை, அதனால்தான் அது எனக்கு ஊர் விசாரிக்கிற கேள்வியாகவே இருந்தது.

படித்தவர்கள் ஆபீஸில் தெருவைக் கேட்க மாட்டார்கள். "குலதெய்வம் எது?", "வெஜ்ஜா நான்வெஜ்ஜா?", "அப்பாவோட முழுப்பேர் என்ன?" என்பார்கள். உன் காதில் விழுந்தால் பேச்சை மாற்று. அப்புறம் கேட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் மாற்றினாய் என்று பதமாகச் சொல். நாலு பேர் முன்னால் சொன்னால் அவர் வீறாப்புக்குத்தான் பதில் சொல்வார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையை உடன் படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்கப்புறம் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2024-ல் அறிக்கை கொடுத்தது. கயிற்றை அறுத்துவிடலாம். நாக்கில் இருக்கிற கயிற்றை அவரவர்தான் அறுக்க வேண்டும்.

உன் டீமில் ஒடிசாப் பெண் ஒருத்தி மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை என்றாயே. புனேயில் முதல் வருஷம் நீ ராத்திரி அழுதுகொண்டே போன் பண்ணியது ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் இந்தியில் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றாய். இப்போது சென்னையில் நீங்கள் ஏழெட்டுப் பேர் தமிழில் சிரிக்கிறீர்கள். அவளிடம் "நீ ஏன் பேச மாட்டேங்கிறே?" என்று கேட்காதே, அது குற்றம் சாட்டுவது மாதிரி இருக்கும். பேசப்போகும் விஷயத்தை முதல் நாளே எழுதி அனுப்பு. மீட்டிங்கில் அவளை முதலில் பேசவிடு. கடைசியில் கூப்பிட்டால் எல்லாரும் கிளம்புகிற அவசரத்தில் இருப்பார்கள்.

சித்தப்பாவிடமும் இதைப் பற்றிக் கேட்டேன். பாளையங்கோட்டையில் 1897-ல் தொடங்கின காதுகேளாதோர் பள்ளியில் படித்தவர் அல்லவா, உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார். அச்சகத்தில் வேலை பார்த்த காலத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எல்லாரையும் கூட்டி வைத்து முதலாளி பேசுவாராம், முகம் காலண்டர் பக்கம் திரும்பியிருக்கும். என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பாராம். முப்பது வருஷத்தில் அந்த 'அப்புறம்' வரவே இல்லை என்று எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறார். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. அவற்றில் பல வெளியே தெரியாது. உன் 12 பேரில் யாருக்கு என்ன என்று நீ துருவ வேண்டாம். பேசும்போது முகம் காட்டு, ஒருவர் முடித்தபின் அடுத்தவர் பேசட்டும், முடிவானதை எழுத்தில் அனுப்பு. இது எல்லாருக்கும் உதவும்.

இன்னொன்று. "லே" என்று கூப்பிடும் பழக்கத்தை நம் ஊரோடு வைத்துக்கொள். இங்கே அது பாசம். அங்கே கேட்கிறவருக்கு எப்படி இருக்கும் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

பயிற்சி முடிந்ததும் போன் பண்ணு. சித்தப்பாவுக்கு உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் வீடியோ மீட்டிங்கில் பேசப் பேச எழுத்தாக ஓடும் வசதி உண்டாமே, அதைப் போட்டு வைக்கிறீர்களா, இல்லை யாராவது கேட்டால்தான் போடுவீர்களா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பதிலை மெசேஜில் அனுப்பு, அவரிடம் காட்டுகிறேன்.

அன்புடன்
அப்பா