மரப்பெட்டிக்குள் இருந்த கல்லைத் தடவியவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் அபர்லெம்னோ ஊரில் நிற்கும் பழைய செதுக்குக் கற்களைப் பற்றிய பயணக் கட்டுரையில், அவற்றிலுள்ள பின்னல் முடிச்சைக் குறித்து 'முடிவில்லா வாழ்வைக் குறிக்க துரூயிட் பூசாரிகள் 2500 ஆண்டுகளுக்கு முன் வகுத்த முடிச்சு' என்று ஒரு வரி. உங்கள் மேசையைத் தாண்டித்தானே அச்சுக்குப் போயிருக்கும்?

பழைய கெல்ட் மக்களின் பூசாரிகளான இந்தத் துரூயிட்களின் கோட்டை, வேல்ஸின் ஆங்கில்சி தீவு; அதை ரோமானியப் படை கி.பி. 60 வாக்கிலேயே அடித்து நொறுக்கிவிட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் படம் போட்டிருப்பதோ தேவாலய வளாகத்தில் நிற்கும் சிலுவைக் கல்; 8ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கும் பிந்தியது.

நான் டண்டீயில் குடியிருப்பவன். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அபர்லெம்னோவுக்குக் கூட்டிப்போவது வழக்கம். அங்கே சாலையோரம் நிற்கும் பழைய கல்லில் பாம்பு, கண்ணாடி, சீப்பு எல்லாம் உண்டு. பின்னல் மட்டும் ஓர் இழைகூடக் கிடையாது. அது சிலுவையோடுதான் வருகிறது. அயர்லாந்தின் டூரோ கல்லும் கிறிஸ்தவத்துக்கு முந்தியது. அதிலும் வளைவுகளும் சுருள்களும்தான். ரோமானியர் மொசைக் தரைகளில் போட்ட சடைப்பின்னலும், ஜெர்மானியப் பொற்கொல்லர்கள் இடைவார்க் கொக்கிகளில் பின்னிய விலங்குகளும் மடாலயங்களில் வந்து கலந்தன. இந்தப் பழைய கற்களை ஆராய்ந்த ரோமிலி ஆலன் 1903லேயே இதை விளக்கிவிட்டார்: சாதாரணச் சடையில் ஆங்காங்கே இழைகளை வெட்டி, முனைகளை வேறுவிதமாக இணைத்தால் விதவிதமான முடிச்சுகள் கிடைக்கும். அவர் பூசாரி அல்ல, இன்ஜினியர். எகிப்தியக் கிறிஸ்தவர்களான கோப்தியரின் கலைக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர்களிடையே சண்டை உண்டு. துரூயிட்களை அதில் யாரும் இழுப்பதில்லை.

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தையும் முன்பு இதே பூசாரிகளுக்குத்தான் தானம் செய்தீர்கள். அப்போது நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, 'துரூயிட் ரகசியம்: வாசகர் வியப்பு' என்று தலைப்பும் வைத்தீர்கள். நான் வியக்கவில்லை ஐயா. இதழ் மாதாமாதம் தாமதமாக வருவதையும் இதுவரை வாய்திறந்து சொன்னதில்லை.

அப்புறம், 'டிசம்பர் பனியில் அந்தக் கல்லைத் தடவிச் சிலிர்த்தேன்' என்கிறார் கட்டுரையாளர். குளிர்காலத்தில் அந்தக் கற்களை மரப்பெட்டி போட்டு மூடிவிடுவார்கள். ஊரிலிருந்து வந்த மைத்துனருக்கு ஜனவரியில் பெட்டியை மட்டும் காட்டித் திரும்பியவன் நான். கட்டுரையாளர் கைக்கு என்ன பாக்கியமோ!

சரி, கட்டுரையைத் திருத்தச் சொல்லவில்லை. படத்தின் கீழ் 'அயர்லாந்து' என்று இருக்கிறது. அதையாவது அடுத்த இதழில் ஸ்காட்லாந்து என்று மாற்றிப் போடுங்கள்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
டண்டீ