தேசியச் சாதனைக்கு ஒரே பட்டியல் போதும்: இந்திய நீச்சல் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

இந்திய நீச்சல் கூட்டமைப்பின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நம் நீச்சல் வீரர்களின் நேரங்கள் இரண்டு பெயர்களில் வழங்கி வருகின்றன. தேசிய சாம்பியன்ஷிப்பில் பதிவாகும் மிக விரைவான நேரம் 'தேசியச் சாதனை' எனப்படுகிறது. வேறெந்தப் போட்டியில், அது உலக சாம்பியன்ஷிப்பாகவே இருந்தாலும், அதைவிட விரைவாக நீந்தியவருக்கு 'இந்தியரின் சிறந்த நேரம்' என்ற பெயரே கிடைக்கிறது. விதிப்படி உறுதி செய்யப்பட்ட நேரம் எந்த ஊர்க் குளத்தில் பதிவானாலும், அதையே தேசியச் சாதனையாக ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

2021 ஜூனில் ரோம் நகரில் நடந்த செத்தே கோல்லி போட்டியில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்த சஜன் பிரகாஷ், ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் பெற்றுத் தரும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியரானார். அதே போட்டியில் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 53.77 விநாடி நீந்தினார். தகுதிக்கு வேண்டியிருந்தது 53.85. அவர் நீந்தியது பந்தயம் அல்ல, நேரச் சோதனை. ஆனாலும் தாங்கள் முன்மொழிய, உலக நீச்சல் அமைப்பான அன்றைய ஃபினா அதை ஏற்றுக்கொண்டது. உலக அமைப்பிடம் வாதாடிப் பெற்றுத் தந்த அந்த நேரத்துக்கு, நம்முடைய பட்டியலில் மட்டும் இரண்டாம் பெயர் என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்த வழக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தங்கள் நடுவர்களும் தங்கள் நேரக்கருவியும் இருக்கும் இடத்தில் ஐயத்துக்கு இடம் குறைவு. ஆனால் அந்த ஐயத்தைத் தீர்க்கும் ஏற்பாடுகள் உலகச் சாதனை விதிகளிலேயே உள்ளன: குளத்தின் நீளம் அளந்து சான்றளிக்கப்பட வேண்டும், நகர்த்தக்கூடிய தடுப்புச் சுவர் இருந்தால், சாதனை நிகழ்ந்த அமர்வு முடிந்ததும் அந்தத் தடத்தை மீண்டும் அளந்து உறுதி செய்ய வேண்டும், கடல்நீரில் நீந்திய நேரம் செல்லாது, தானியங்கிக் கருவியில் நூற்றில் ஒரு பங்கு விநாடி வரை பதிவாகியிருக்க வேண்டும். இவற்றுக்கான ஆவணங்களை வீரரோ மாநிலச் சங்கமோ தங்களுக்கு அனுப்பி வைக்கலாம். ஆவணம் இல்லையெனில் மறுத்துவிடுங்கள். அதில் எவருக்கும் வருத்தம் இருக்காது.

தேசிய சாம்பியன்ஷிப்பின் மதிப்புக் குறையுமே என்ற கவலை நியாயமானதுதான். அதற்குப் 'போட்டிச் சாதனை' என்ற தனிப் பட்டியல் இருக்கட்டும். ஒலிம்பிக்கிலும் உலகச் சாதனை வேறு, ஒலிம்பிக் சாதனை வேறு என்றுதானே குறிக்கிறார்கள்? ஓராண்டில் ஒரு நீச்சல் வீரர் தம் உச்ச நிலையை எட்டுவது ஓரிரு முறைதான். அதற்காகப் போட்டிக்கு முன் பயிற்சியைப் படிப்படியாகக் குறைப்பதை ஆசிய விளையாட்டுக்கோ உலகப் போட்டிக்கோ ஒத்து அமைத்துக்கொள்பவர், களைப்போடு தேசியப் போட்டிக்கு வந்து, தாம் முன்பே கடந்துவிட்ட ஒரு நேரத்தை மீண்டும் துரத்த வேண்டியிருக்கிறது. வளரும் சிறுவர்களுக்கோ, எட்ட வேண்டிய இலக்கு உண்மையில் இருப்பதைவிட எளிதாகத் தோன்றுகிறது. எனக்கு இதுவே பெரிய இழப்பாகப் படுகிறது.

தொடர் நீச்சலில் அணிக்காக முதலில் நீந்துபவரின் நேரம் தனிநபர் சாதனையாக ஏற்கப்படும் என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். உலக விதி அதுவே. 2024 பிப்ரவரியில் தோஹாவில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 46.80 விநாடி என்ற உலகச் சாதனையைப் படைத்தது தொடர் நீச்சலில் தம் அணிக்காக முதலில் நீந்தியபோதுதான். ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தும் கலப்புத் தொடர் நீச்சலுக்கு மட்டும் அவ்விதி பொருந்தாது.

அடுத்த தேசிய சாம்பியன்ஷிப் தொடங்கும் முன், இரண்டு பட்டியல்களையும் ஒன்றாக்கி, ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே நாள், ஊர், போட்டி, குளத்தின் நீளம் ஆகியவற்றைக் குறித்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். 25 மீட்டர் குளத்தின் நேரங்கள் தனியாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீச்சல் போட்டிகளைத் தொடர்ந்து கவனித்து வரும் ஒரு ரசிகன்